பாசிமணி பிறந்த கதை

குழந்தையின் கையில் கட்டுகிற கருப்பு மணி, முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் கழுத்தில் ஏறுகிற கருகமணி, ரவிக்கைக் கையில் தையல்காரர் ஒவ்வொன்றாக ஊசியில் எடுத்துத் தைக்கிற மணிவேலை, நரிக்குறவர்கள் தோளில் சரம் சரமாகத் தொங்கவிட்டு விற்கும் பாசிமணி. இவ்வளவு மலிவான ஒரு பொருளுக்குப் பிறந்த ஊர் ஒன்று இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இருக்கிறது. புதுச்சேரி நகரத்திலிருந்து தெற்கே 4 கிலோமீட்டர் போனால், காக்காயந்தோப்பை ஒட்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஒரு மேடு வரும். அதுதான் அரிக்கமேடு. கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து, நறுக்கி, ஆயிரக்கணக்கில் மணி செய்கிற தொழில் உலகத்திலேயே மிகப் பழைய காலத்தில் தழைத்த இடங்களில் அதுவும் ஒன்று.

அரிக்கமேடு என்றாலே நமக்கு ரோம்தான் நினைவுக்கு வருகிறது. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகள், இத்தாலியக் குயவர் முத்திரை குத்திய சிவப்புக் கிண்ணங்கள், அகஸ்டஸ் தலை என்று சொல்லப்பட்ட செதுக்குக் கல். பள்ளிக்கூடப் பாடத்திலும் இதுவேதான். இவை எல்லாம் இங்கே வந்து இறங்கிய சரக்கு. இங்கிருந்து ஏறிப்போனது என்ன, அதை யார் எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் நம் குரல் இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் "மணிகளும் கிடைத்தன" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். இது எனக்கு நெடுநாளைய ஆதங்கம். ஜாடிகள் பெருவாரியாக வந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, மிஞ்சிப்போனால் இரண்டு நூற்றாண்டு. இழுத்துச் செய்த கண்ணாடி மணியோ அதற்கு முன்பே தொடங்கி, அது நின்ற பிறகும் பல நூற்றாண்டுகள் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மணி இப்படி ஒரு வரியில் ஒதுங்கிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள, மேடு கண்ணில் பட்ட வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. 1769 ஜூனில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டதில் அவர் வந்த வேலை நடக்கவில்லை. ஆனால் மேட்டை அடுத்த வீராம்பட்டினத்துப் பக்கம் ஆற்றங்கரையில் தெரிந்த பழைய செங்கற் கட்டுமானங்களை அவர் பார்த்துக் குறித்துவைத்தார். அதே நூற்றாண்டில் மேட்டின் மேலேயே பிரெஞ்சுப் பாதிரிமார் ஒரு குருமடம் எழுப்பினார்கள். இன்று அங்கே நிற்கிற சுவர்கள் அந்தக் குருமடத்தினுடையவை. அவற்றை ரோமானியர் கட்டியவை என்று நினைத்துவிடக் கூடாது.

அதற்குப் பிறகு மேடு நீண்ட காலம் மறந்துகிடந்தது. மழை பெய்து மண் கரையும்போதெல்லாம் வண்ண மணிகள் மேலே வரும், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்தவரும் பல்லவர் கலை பற்றி எழுதியவருமான ழூவோ துப்ரேய் அந்தப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து மணிகளை வாங்கினார். 1937 வாக்கில் அப்படி வந்த கற்களில் ஒன்றில் ஒரு தலை செதுக்கியிருந்தது. அதை அகஸ்டஸ் என்று அவர் அடையாளம் சொன்னார். அரிக்கமேட்டின் நவீன வரலாறே பிள்ளைகள் பொறுக்கிய மணியில்தான் தொடங்குகிறது. ஆனால் அந்தத் தலை தெரிந்த மறுகணமே எல்லார் கண்ணும் மணியை விட்டு ரோம் பக்கம் திரும்பிவிட்டது.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ஆம்போராவின் கழுத்துத் துண்டைக் கண்டார். அது புதுச்சேரியிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் அடுத்த ஆண்டே, அப்போது பிரெஞ்சு மண்ணாக இருந்த அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தார். அவருக்கு ஓர் அவசரத் தேவை இருந்தது. தென்னிந்தியாவில் தோண்டி எடுத்த பானைகளுக்கு அதுவரை காலக் கணக்கே கிடையாது. இத்தாலியக் கிண்ணம் இன்ன காலத்தில் சுட்டது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அந்தக் கிண்ணம் கிடைக்கிற அதே மண்ணடுக்கில் நம் ஊர்ப் பானை கிடைத்தால் அதற்கும் அதே காலம்தான். வீலர் செய்தது இதைத்தான், சரியாகவும் செய்தார். இன்றைக்கும் தென்னாட்டுத் தொல்லியல் அந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறது. கண்ணாடி மணியால் இந்த உதவியைச் செய்ய முடியாது. அது 1,000 ஆண்டுக்கும் மேலாக ஒரே மாதிரி செய்யப்பட்ட பொருள். கையில் எடுத்துப் பார்த்து முந்தியதா பிந்தியதா என்று சொல்ல முடியாது. காலம் காட்டாத பொருள் என்பதால் அது ஓரத்துக்குப் போனது.

வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் தோண்டினார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆய்வு செய்தன. ரோமானியர் வந்து இந்த ஊரை உண்டாக்கவில்லை, அவர்கள் வருவதற்கு முன்பே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலாவது, இது இயங்கிக்கொண்டிருந்த உள்ளூர்த் துறை என்று பெக்லி காட்டினார். சோழர் காலம் வரை ஆள் நடமாட்டம் இருந்ததற்கும் தடயங்கள் கிடைத்தன. பெக்லியின் ஆய்வு நடந்த காலகட்டத்தில்தான் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேறு யாரும் பொருட்படுத்தாத மணிகளையும் கண்ணாடிக் கழிவையும் உட்கார்ந்து தரம் பிரித்தார். முழு மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் எங்கிருந்தோ வாங்கி வந்தவை என்று சொல்லிவிடலாம். இங்கே உருகி வழிந்த கட்டிகள், நறுக்காமல் விட்ட குழாய்கள், நறுக்கியும் விளிம்பு மழுக்காத துண்டுகள் என்று வேலையின் எல்லாப் படிகளும் மண்ணில் கிடந்தன. ஆகவே இது பட்டறைதான், சந்தேகமில்லை.

அந்தப் பட்டறையில் என்ன நடந்தது என்பதை ஊகித்து எழுத வேண்டியதில்லை. ஆந்திரத்தில் ரேணிகுண்டாவுக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் நடுவே உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் அதே முறையில் மணி செய்யும் குடும்பங்களை பிரான்சிஸ் போய்ப் பார்த்தார். அரிக்கமேட்டுக் கழிவும் பாப்பாநாயுடுபேட்டைக் கழிவும் ஒத்துப்போனதை வைத்துத்தான் பழைய முறையை அவர் உறுதிசெய்தார்.

முதலில் சாதாரண முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பியின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறவிட்டு, கம்பியை உருவினால் ஒரு மணி. அடுத்த மணிக்கு மறுபடி முதலிலிருந்து. கல் மணி என்றால் இன்னும் கஷ்டம். சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல் ஆகியவற்றிலும் அரிக்கமேட்டுக்காரர்கள் மணி செய்தார்கள். வைரத் துண்டு பதித்த துளைப்பானால் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் கல் பிளந்துபோகும். ஒரு சரம் கோக்க எத்தனை நாள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இழுத்துச் செய்கிற முறை இந்தக் கணக்கையே மாற்றியது. லாடா என்கிற நீளமான இரும்புக் குழலின் முனையில், உலையில் உருகிய கண்ணாடியைத் திரட்டி எடுக்கிறார்கள். கல்லின் மேல் உருட்டி உருட்டிக் கூம்பாக்குகிறார்கள். குழலுக்குள்ளேயே ஒரு கம்பியை விட்டு, கூம்பின் நடுவே துளை விழும்படி குத்துகிறார்கள். துளை விழுந்த கூம்பை மறுபடியும் உலை வாயில் பொருத்தி இளக்கி, நுனியை ஒரு கொக்கியால் பிடித்து இழுத்தால், ஜவ்வு மிட்டாய் நீள்வது போலக் கண்ணாடி நீள்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், கூம்பில் போட்ட துளையும் கூடவே நீள்கிறது. எத்தனை மெல்லிய குழாயாக இழுத்தாலும் நடுவில் ஓட்டை அடைபடுவதில்லை. இழுப்பவர் உலைக்கு எதிரே நின்று கை மாற்றிக் கை மாற்றி, மணிக்கணக்கில், ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டிருப்பார். வேகம் கூடினால் குழாய் மெலியும், குறைந்தால் பருக்கும். அந்தக் கையின் நிதானம்தான் மணியின் அளவு. இந்த மணிகளில் பெரும்பாலானவை 6 மில்லிமீட்டருக்கும் சிறியவை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறிய குழாயை ஏறக்குறைய ஒரு கை நீளத் துண்டுகளாக ஒடித்து, கத்தி முனையில் வைத்துப் பொடியாக நறுக்குகிறார்கள். நறுக்கிய துண்டின் விளிம்பு கூராக இருக்கும். அப்படியே கோத்தால் நூல் அறுந்துவிடும், தோலையும் கீறிவிடும். ஆகவே சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டு மறுபடி சூடாக்கிக் கிளறுகிறார்கள். விளிம்பு இளகி மழுங்கி உருண்டையாகிறது. சாம்பல் எதற்கு என்றால், அது துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்வதால் சூட்டில் ஓட்டை மூடாது, மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு சாம்பலைப் புடைத்து எடுத்து, அளவு பார்த்துச் சலித்து, கோக்க வேண்டியதுதான். ஒரு கூம்புக் கண்ணாடியிலிருந்து ஆயிரக்கணக்கில் மணி வந்துவிடும். அரசன் வீட்டுக்கு மட்டும் என்றிருந்த பளபளப்பு எளிய மனிதரின் கழுத்துக்கு வந்தது இந்த இடத்தில்தான். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பெரியதாகப் படுவதும் இதுதான்.

வண்ணத்தின் சங்கதி தனி. அரிக்கமேட்டு மணியில் செங்கல் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, அடர் நீலம், கருப்பு, ஊதா எல்லாம் உண்டு. அடர் நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு, மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டு. செம்பில்தான் கைத்திறமை தெரியும். ஒரே செம்பை உலையில் காற்று நன்றாக ஓடும்படி விட்டு உருக்கினால் நீலப்பச்சை வரும். காற்றை மட்டுப்படுத்திப் புகையிலேயே அடக்கி உருக்கினால் ஒளி ஊடுருவாத செங்கல் சிவப்பு வரும். வேதியியல் பாடம் இல்லாத காலத்தில் இதை எப்படிக் கண்டுகொண்டார்கள் என்பதைவிட, ஒவ்வொரு தடவையும் பிசகாமல் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணலும் காரமும். தென்னாசியாவின் பல பழைய மணிகளைச் சோதித்தபோது அலுமினா மிகுதியாக இருந்தது. மணலோடு, நிலத்தின் மேல் பூக்கும் உவர் சேர்ந்திருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. சலவைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் துணி வெளுக்க அள்ளிவந்த உவர்மண் அது. அரிக்கமேட்டில் இதைத் தவிரப் பொட்டாஷ் வகைக் கண்ணாடியும் உண்டு.

இனி மணி போன வழியைப் பார்க்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிபுளூஸ், நம் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளைச் சொல்கிறது. நடுவில் உள்ள பொதுகே அரிக்கமேடுதான் என்று வீலர் முதல் பலரும் ஏற்றிருக்கிறார்கள். அந்த நூல் அங்கே நிற்கும் உள்ளூர்க் கப்பல்களையும் சொல்கிறது. கரையோரம் போகும் சிறியவை ஒரு வகை, கங்கைக்கும் பொன் நாடான கிரீசேவுக்கும் போகும் மிகப் பெரியவை இன்னொரு வகை. கிரீசே என்பது தென்கிழக்கு ஆசியா. மணி அதிகம் ஏறியது அந்தக் கிழக்குக் கப்பல்களில்தான். ரோமைப் பார்த்தே நிற்பதால் நாம் தவறவிட்ட திசை இது.

பாலித் தீவின் வடகரையில் செம்பிரான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அகழ்ந்தபோது உருளைக்கோட்டு அலங்காரம் உள்ள தட்டுகள் கிடைத்தன. அவற்றின் களிமண்ணைச் சோதித்தால் அரிக்கமேட்டுத் தட்டுகளோடு ஒத்துப்போகிறது. கூடவே கண்ணாடி மணிகளும். தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓசியோ, மலேசியாவின் கோலா செலின்சிங், நமக்கு நன்றாகத் தெரிந்த திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தை ஆகிய இடங்களில் மணி மட்டுமின்றி மணி செய்த கழிவும் கிடைத்திருக்கிறது. சரக்கோடு நிற்காமல் தொழில் தெரிந்த கைகளும் அங்கே போயிருக்கின்றன என்று பிரான்சிஸ் வாதிட்டார். குளோங் தோமில் கிடைத்த ஓர் உரைகல்லில் தமிழ்ப் பிராமியில் "பெரும்பதன் கல்" என்று பொறித்திருக்கிறது. அது பொற்கொல்லர் ஒருவரின் கல். தம் கருவியில் பெயர் வெட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போன தமிழ்க் கைவினைஞர் ஒருவராவது அங்கே வாழ்ந்தார் என்பதற்கு அது சாட்சி.

அதற்கப்பாலும் இந்த வகை மணி போயிருக்கிறது. கொரியாவில் 6-ஆம் நூற்றாண்டு பெக்ஜே அரசர் மூர்யோங்கின் கல்லறையிலும், ஜப்பானின் பழைய கல்லறைகளிலும், மேற்கே ஆப்பிரிக்கக் கரையிலும் உள்நாட்டு மாபுங்குப்வேயிலும் கிடைக்கிறது. இவையெல்லாம் அரிக்கமேட்டிலேயே செய்தவை என்று சொன்னால் அது பொய். பிற்காலத்தில் பல ஊர்ப் பட்டறைகள் செய்தன. ஆனால் செய்முறை ஒன்றே. கிழக்கு இந்தோனேசியாவில், குறிப்பாகத் திமோரில், இந்த ஆரஞ்சுச் சிவப்பு மணிக்கு முத்திசலா என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் குடும்பச் சொத்து அது. கல்யாணச் சீரில் எண்ணிக் கொடுக்கிறார்கள்.

பிறந்த ஊர் அரிக்கமேடு ஒன்றே என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் 2009-இலும் 2010-இலும் கா. ராஜன் செய்த அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகளும் உலை அமைப்பும் வந்தன. தாய்லாந்தின் காவ் சாம் கேவோவில் கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டுகளிலேயே கண்ணாடி வேலை நடந்திருக்கிறது. கடலூர் பக்கம் காரைக்காட்டிலும் மணி செய்தார்கள். ஆகவே பிரான்சிஸ் வரைந்த, ஒரே ஊரிலிருந்து எல்லாம் பரவியது என்ற படத்தை இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. இதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். வங்கக் கடலின் இரு கரையிலும் கைவினைஞர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது, ஓர் ஊருக்கு மட்டும் பெருமை சேர்க்கும் கதையைவிடப் பெரிய கதை. அதில் அரிக்கமேட்டின் இடம் உறுதியானது. இத்தனை நீண்ட காலம், இத்தனை வண்ணத்தில், இழுத்த மணி செய்ததற்கான தடயம் இவ்வளவு தெளிவாகக் கிடைத்த இடங்கள் மிகக் குறைவு.

மேட்டில் இன்று பார்க்க அதிகமில்லை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். வீலர் கண்ட, ஏறக்குறைய 150 அடி நீளச் சரக்குக் கிடங்கும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஆறு கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. மழைக்குப் பிறகு போகிறவர்கள் கண்ணில் மணி பட்டால் எடுக்க வேண்டாம், அது காப்பில் உள்ள இடம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விட்டால் மணி வெறும் மணிதான். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாரதி பூங்காவை ஒட்டிய புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அரிக்கமேட்டு மணிகள் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன.

வீட்டிலும் பார்க்கலாம். பாட்டியின் நகைப்பெட்டியில் பழைய கண்ணாடிப் பாசி இருந்தால் ஒரு லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளும் நிறக் கோடுகளும் துளைக்கு இணையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீண்டு ஓடினால் அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வளையமாக ஓடினால் கம்பியில் சுற்றிச் செய்தது. நடுவில் ஒட்டுத் தையல் தெரிந்தால் அச்சில் வார்த்தது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கைக்குழந்தைக்குக் கழுத்தில் மணிச்சரம் போடாதீர்கள். நூல் கழுத்தை இறுக்கலாம், அறுந்தால் மணி வாய்க்குப் போய் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளலாம். கையில் கட்டுவதானாலும் முடிச்சை அடிக்கடி இழுத்துப் பாருங்கள்.